அறுபதுக்கு அப்பாலும் உரிமை உண்டு

(கெடா மாநிலத் தோட்டப்புற மக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் முதியோரைப் பற்றியது. முதியோரைப் போற்ற வேண்டும் என்று எடுத்துரைப்பதற்காக ஒரு கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. அது நம் வீடுகளில் பிள்ளைப் பருவத்திலேயே கற்பிக்கப்படும் பாடம். நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று. வயது கூடிவிட்டது என்ற ஒரே காரணத்தைக் காட்டி, ஒருவருக்கு வேலையையோ வீட்டையோ வைத்தியத்தையோ மறுப்பது முறையாகுமா? சட்டம் இதில் எங்கே துணை நிற்கிறது, எங்கே மௌனம் சாதிக்கிறது? இவற்றைத் தெரிந்துகொள்வதே இன்றைய நோக்கம்.

இக்கேள்வி எல்லாருக்கும் உரியதே என்றாலும், தோட்ட மக்களுக்கு அது இன்னும் கூர்மையானது. பட்டணத்தில் அலுவலக வேலை பார்ப்பவர் ஓய்வு பெறும் நாளில் வேலையை மட்டுமே விடுகிறார். மறுநாளும் அவர் அதே வீட்டில்தான் கண் விழிக்கிறார். வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரிடமே செல்கிறார். தோட்டத்தில் அப்படியன்று. வேலை தோட்டத்தினுடையது. குடியிருக்கும் வீடு தோட்டத்தினுடையது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டிரசரும் நெடுங்காலம் தோட்டத்துக்கு உரியவராகவே இருந்தார். ஆகவே, பெரட்டில் ஒருவர் பெயர் நீக்கப்படும் நாளில், அவர் வாழ்க்கையின் மூன்று தூண்களும் ஒன்றாக ஆட்டம் காண்கின்றன. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ், பாலிங் ஆகிய வட்டாரங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் களைத்த கைகள் எத்தனையோ இதை அனுபவித்து அறிந்தவை.

வயதுக் கோடுகள்

மலேசியாவில் அறுபது வயதை அடைந்தவர் மூத்த குடிமகன் எனக் கணக்கிடப்படுகிறார். 1982ஆம் ஆண்டில் வியன்னா நகரில் நடைபெற்ற உலக முதுமை மாநாடு வகுத்த கோடு அது. 1995ஆம் ஆண்டில் நம் நாடு முதியோருக்கான தேசியக் கொள்கையை முதன்முதலாக வெளியிட்டது; 2011ஆம் ஆண்டில் அது திருத்தியமைக்கப்பட்டது. 2030ஆம் ஆண்டில் நம் மக்கள் தொகையில் 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்களாயிருப்பர் என்று புள்ளிவிவர இலாகா கணித்திருக்கிறது.

சட்டம் வயதுக்கு ஒரு கோடு போடுவதெல்லாம் தவறு என்று நாம் சொல்லவில்லை. சில கோடுகள் முதியோரைத் தூக்கிவிடும் படிக்கட்டுகள். அரசாங்க மருத்துவமனையிலும் சுகாதார நிலையத்திலும் வெளிநோயாளியாகப் பதிந்துகொள்ள மற்றவர் ஒரு வெள்ளி கொடுக்க, அறுபதைக் கடந்த குடிமக்களுக்கு அதுவும் இல்லை. கடப்பிதழுக்கு மற்றவர் 200 வெள்ளி செலுத்த, அவர்கள் 100 வெள்ளியே செலுத்துகின்றனர். கோவிட் தொற்று பரவிய காலத்தில், 2021ஆம் ஆண்டில், தடுப்பூசி போடுவதில் முதியோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. இவை நியாயமான கோடுகள். தேவை மிகுந்தவருக்கு முதலிடம் தருபவை.

வேறு சில கோடுகளோ வேலிகள். அவை முதியவரை வெளியே நிறுத்துபவை. அவ்வேலிகள் எங்கெங்கே உள்ளன என்பதை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

சட்டத்தில் முதியோர்

நாட்டின் தலையாய சட்டம் கூட்டரசு அரசியலமைப்பு. அதன் 8ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறுகிறது. சமயம், இனம், வம்சம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரால் பாகுபாடு காட்டலாகாது என்று அது விலக்கியிருந்தது. 2001ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தினால் பால் வேறுபாடும் அப்பட்டியலில் சேர்ந்தது. வயது மட்டும் இன்றுவரை அதில் இடம்பெறவில்லை. மேலும், அப்பிரிவு அரசாங்கத்தையும் பொது அதிகார அமைப்புகளையுமே கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் முதலாளிகளைக் கட்டுப்படுத்தாது என்பது 2005ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நிலை.

இதன் விளைவு என்ன என்பதை ஒரு வழக்கு நமக்குக் காட்டியது. ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஆண்களுக்கு ஓய்வு வயது 55 என்றும், பெண்களுக்கு 50 என்றும் வைத்திருந்தனர். ஐம்பது நிறைந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் வழக்குத் தொடுத்தனர். தொழில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் மேல் நீதிமன்றங்களில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்பெண்களுக்குக் கைகொடுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே விதமான வேலையைச் செய்தவர்களில், பெண் மட்டும் ஐந்தாண்டு முன்னதாகவே கிழவியாகிவிட்டாள்!

இந்த நிலையை மாற்றியது குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம். 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இச்சட்டம், தனியார் துறையில் ஆணாயினும் பெண்ணாயினும் அறுபது வயதுக்கு முன் ஓய்வு கொடுக்கலாகாது என்று விதித்தது. அரசாங்க ஊழியர்களுக்கு 55 என்றிருந்த ஓய்வு வயது, 2001இல் 56 ஆகவும், 2008இல் 58 ஆகவும், 2012இல் 60 ஆகவும் உயர்ந்து வந்தது நமக்குத் தெரியும். தோட்டப் பாட்டாளிக்கும் அதே அறுபது கிடைத்தது இச்சட்டத்தினால்தான்.

இச்சட்டத்தில் நாம் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, வேலை ஒப்பந்தத்தில் 55 வயது என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது; அங்கே 60 என்றே கொள்ளப்படும். இரண்டாவது, அறுபதுக்கு முன் கட்டாயமாக ஓய்வு கொடுக்கப்பட்டவர், அந்நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். நாட்கள் கடந்துவிட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தும் கதவு அடைபட்டுவிடும். மூன்றாவது, ஒப்பந்தத்தில் இடமிருந்தால் தொழிலாளி தாமாகவே முன்னதாக ஓய்வு பெறலாம். இங்கேதான் எச்சரிக்கை தேவை. விருப்ப ஓய்வு என்று எழுதப்பட்ட தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் போடப்படும் ஒரு கையெழுத்து, அறுபதுவரை உழைக்கும் உரிமையைக் கைவிட்டதாகிவிடும். படிக்கத் தெரியாதவர் பிள்ளைகளிடமோ சங்கத் தலைவரிடமோ காட்டாமல் எத்தாளிலும் கைநாட்டு வைக்கலாகாது.

அறுபதைக் கடந்த பின் என்ன? கெடாவில் பல தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை நிலவுகிறது. ஓய்வு பெற்றவர்களைக் குத்தகைக்காரர் மூலமாகத் திரும்பவும் வேலைக்கு அழைப்பதுண்டு. அப்படி அழைக்கப்படுகிறவர், கிடைப்பது போதும் என்று சட்டத்துக்கு வெளியே நின்று உழைக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்ச சம்பளம், இருபது வயது இளைஞனுக்கும் அறுபத்தைந்து வயது முதியவருக்கும் ஒன்றே. வேலையின்போது விபத்து நேர்ந்தால் சொக்சோ காப்பும் உண்டு. அதற்கான சந்தாவை முழுவதும் முதலாளியே கட்ட வேண்டும்.

ஆனால் அதே அறுபதில் சில வேலிகளும் நிற்கின்றன. சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத் திட்டம் அறுபதோடு முடிகிறது. வேலையிழந்தோர்க்கு உதவும் வேலைக் காப்புறுதித் திட்டமும் அறுபதைத் தாண்டியவரைச் சேர்ப்பதில்லை. ஊழியர் சேமநிதியில், அறுபதுக்குக் கீழ்ப்பட்ட தொழிலாளிக்கு 1,700 வெள்ளிச் சம்பளத்தில் முதலாளி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி செலுத்துகிறார். அறுபதைக் கடந்த குடிமகனுக்கு அவர் கட்டாயமாகச் செலுத்த வேண்டியது 4 விழுக்காடு, அதாவது 68 வெள்ளி மட்டுமே. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் இது நடப்பில் உள்ளது. செலவு குறைந்தால் முதியோரை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள், தொழிலாளியின் பங்கு பிடிக்கப்படாததால் அவர் கைக்கு வரும் சம்பளமும் கூடும் என்பது இதன் நோக்கம். நோக்கம் நல்லதே. எனினும், ஒரே நிரையில் ஒரே எண்ணிக்கை மரம் வெட்டும் இருவரில் மூத்தவருக்கு முதலாளி மாதம் 153 வெள்ளி குறைவாகச் செலுத்துகிறார் என்பதும் உண்மை.

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல், வேலைவாய்ப்புச் சட்டத்தில் புதிய பிரிவு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு காட்டப்பட்டதாக எழும் தகராற்றைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு கூறலாம். அவருடைய கட்டளைக்குப் பணியாதவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். எவ்வெவ்வகைப் பாகுபாடு என்று அப்பிரிவு வரையறுக்கவில்லை. ஆகவே, வயதைக் காட்டி ஒதுக்கப்பட்டவரும் அக்கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

வீடு

வயதுப் பாகுபாடு மிகக் கடுமையாகத் தைப்பது வீட்டு விஷயத்தில்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒரு சட்டம் உண்டு. 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1990ஆம் ஆண்டில் வந்த குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் அது. நல்ல குடிநீர், சுகாதாரம், வீட்டின் உறுதி ஆகியவற்றை அது வற்புறுத்துகிறது. ஆயினும் அச்சட்டம் காப்பது தொழிலாளியையும் அவரைச் சார்ந்தவர்களையும்தான். வேலை முடிந்தவர் தொழிலாளியல்லர். நாற்பது ஆண்டு அந்த லயத்தில் வாழ்ந்தவர், அங்கே பிள்ளை பெற்று, வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர், ஓய்வு பெற்ற மறுநாள் சட்டத்தின் பார்வையில் விருந்தாளியாகிவிடுகிறார். மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை செய்தால் அவர்கள் நிழலில் இருக்கலாம். பிள்ளைகள் கூலிம் தொழிற்பேட்டைக்கும் பினாங்குக்கும் போய்விட்டால், அந்த நிழலும் இல்லை.

இது இன்று தோன்றிய துயரமன்று. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோனவர்கள் ஏராளம். அக்காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டப் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கினர். அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவைச் சேர்ந்த புக்கிட் சிடிம் தோட்டம், ஆண்டு 1961. வெட்டும் மரமும் குடியிருக்கும் மண்ணும் பாட்டாளியின் பங்காகவும் இருக்க முடியும் என்பதை நம் மாநிலத்து மண்ணே முதலில் மெய்ப்பித்தது. அந்த முயற்சியின் அடிப்படையை இன்றும் நாம் மறக்கலாகாது. வீட்டைப் பற்றிய எண்ணம் ஓய்வு பெற்ற பின்பு பிறக்கக் கூடாது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே பிறக்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்றால், வங்கிகளிலும் ஒரு வயது வேலி உண்டு. வீட்டுக் கடன் பொதுவாக, 35 ஆண்டுக்குள்ளோ கடன் பெறுபவருக்கு 70 வயது ஆவதற்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் தீர்க்கப்பட வேண்டும். முப்பத்தைந்து வயதில் மனுச் செய்பவருக்கு முழுத் தவணைக் காலமும் கிடைக்கும். ஐம்பத்தைந்து வயதில் செய்பவருக்குப் பதினைந்து ஆண்டுதான். மாதத் தவணை பளுவாகிவிடும். பல சமயம் மனுவே தள்ளப்பட்டுவிடும். சேமநிதியிலிருந்து கைநிறையப் பணம் வரட்டும், பிறகு வீடு பார்க்கலாம் என்று காத்திருந்தவர்கள் இங்கேதான் ஏமாந்து போகின்றனர்.

பட்டணத்து வாடகை வீடுகளிலும் தொல்லை உண்டு. தனியாக இருக்கும் முதியவருக்கு வீடு தர உரிமையாளர் தயங்குகின்றனர். வாடகை ஒழுங்காக வருமா, நோயில் விழுந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்கின்றனர். வயதைக் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாதம் 124 வெள்ளி வாடகைக்குக் கிடைக்கும் அடுக்குமாடி வீடுகள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பெருந்துணை. முழங்கால் வலியுள்ளவர்கள் மனுச் செய்யும்போதே கீழ்மாடி வேண்டுமென்று எழுதிக் கேட்க வேண்டும். மின்தூக்கி பழுதானால் மேல்மாடி முதியவருக்குச் சிறைக்கூடமாகிவிடும்.

வாரிசும் வீடும் இல்லாத முதியோருக்குச் சமூகநல இலாகா நடத்தும் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் பீடோங்கிலேயே அமைந்துள்ளது. அது புகலிடம், அங்கே சேர்வதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்காக ஏற்பட்டதன்று அது.

வைத்தியம்

அரசாங்க மருத்துவமனையின் வாசல் முதியோருக்குத் திறந்தே இருக்கிறது. சுங்கைப்பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையும், அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனையும், கூலிமிலும் பாலிங்கிலும் மருத்துவமனைகளும் உள்ளன. இங்கே வேலி கட்டணத்தில் இல்லை. தூரத்தில் இருக்கிறது, மனப்பான்மையில் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து பெருஞ்சாலைக்கு வரவே மோட்டார் சைக்கிள் வேண்டும். மருத்துவரைப் பார்க்க அதிகாலையில் கிளம்பி, மருந்தோடு திரும்ப மாலையாகிவிடும். மகனுக்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்று எண்ணி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று முதியவரே தள்ளிப்போடுகிறார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் தள்ளிப்போடுவதற்குக் காத்திருப்பதில்லை.

அடுத்தது மனப்பான்மை. கண் மங்குகிறது என்றால், வயதாகிவிட்டது என்கிறோம். காது கேட்கவில்லை என்றாலும் அதே பதில். பேச்சுக் குறைந்து மூலையில் உட்கார்ந்திருந்தால், கிழவருக்குப் பிடிவாதம் என்கிறோம். இவற்றுள் பல வயதின் விதியல்ல, நோயின் அறிகுறி. கண்புரையை அறுவைச் சிகிச்சையால் அகற்றலாம். செவிக்கு ஒலிக் கருவி பொருத்தலாம். மனச்சோர்வுக்கு மருந்துண்டு. மறதி நோயைத் தொடக்கத்திலேயே கண்டால், குடும்பம் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகில் இருவரில் ஒருவர் முதியோரைப் பற்றித் தாழ்வான எண்ணம் கொண்டவராயிருக்கிறார் என்று கூறியது. அந்த ஒருவர் மருத்துவமனையில் வெள்ளைச் சட்டை போட்டவராகவும் இருக்கலாம். நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவராகவும் இருக்கலாம். எனவே, வைத்தியர் பரிசோதிக்காமலே வயதைக் காரணம் சொன்னால், பரிசோதனை செய்து பார்க்கும்படி பணிவாகக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

2019ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பேக்கா பி40 என்னும் திட்டத்தைப் பலர் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அரசாங்கத்தின் உதவித்தொகை பெறும் குடும்பங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் இலவசமாக உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம். மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும், தீபகற்பத்தில் சிகிச்சைக்குப் போய்வர 500 வெள்ளி வரை போக்குவரத்துப் படியும் அதில் உண்டு.

சிவப்பு அட்டைக்காரரின் நிலை

இதுவரை கூறிய சலுகைகள் பலவும் குடிமக்களுக்கானவை. இந்த மண்ணில் பிறந்தும், பிறப்புப் பதிவு இல்லாமையால் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் குடிமகனல்லாத தொழிலாளியைச் சேர்ப்பதில்லை. சமூகநல இலாகாவின் மூத்தோர் உதவித்தொகை, 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாதம் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது, அதுவும் குடிமக்களுக்கே. முதுமை ஒரு வேலி என்றால், சிவப்பு அட்டை அதற்கு மேல் போட்ட முள்.

சுதந்திரத்துக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர், அரசியலமைப்பின் 16ஆம் பிரிவின்படி குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். மலாய் மொழியில் ஆரம்ப அறிவு போதும் என்று அப்பிரிவு கூறுகிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சிவப்பு அட்டையுடைய அறுபது வயதைக் கடந்த இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் துன் டாக்டர் மகாதீர் அறிவித்தார். வயது ஒரு தடையாக இல்லாமல் தகுதியாகவே கருதப்பட்ட நேரம் அது. இன்னும் மனுச் செய்யாதவர் இருந்தால், தேசியப் பதிவு இலாகாவுக்கு அவரை அழைத்துச் செல்வது அவருடைய பேரப்பிள்ளைகளின் கடமை. சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்க்கெல்லாம் இப்போது வயது எழுபதை நெருங்கிவிட்டது அல்லது கடந்துவிட்டது. அவர்களைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு நேரமில்லை.

நம் வீட்டு வேலி

அன்பர்களே! சட்டத்தை மட்டும் குறை கூறிவிட்டு நாம் வீடு திரும்பினால், பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம். சேமநிதிப் பணம் ஐம்பத்தைந்தில் மொத்தமாக எடுக்கக் கூடியது. நாட்சம்பளத்தில் பிடிக்கப்பட்ட பணமாதலால் அது சிறு தொகையாகவே இருக்கும். அது கைக்கு வந்த மாதத்தில் உறவினர் அனைவரும் அன்பாயிருப்பர். மகளின் கல்யாணம், மகனின் காருக்கு முன்பணம், பேரனின் படிப்பு என்று ஒவ்வொன்றாய்க் கரையும். அதற்கடுத்த ஆண்டில், தேநீருக்குக்கூடப் பிள்ளையிடம் கை நீட்ட வேண்டிய நிலை முதியவருக்கு வந்துவிடும். பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அதைச் சம்பாதித்தவரே. அவரைக் கேட்காமல், அவர் சார்பில் குடும்பமே முடிவெடுப்பதும் வயதுப் பாகுபாடுதான்.

அண்டை நாடுகள் இதில் சட்டம் செய்துள்ளன. சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 2007ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களின்படி, பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புத் தொகை கேட்டு முறையிடலாம். வேலையிடத்தில் வயதைக் காட்டிப் பாகுபாடு செய்வதை அமெரிக்கா 1967ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. சிங்கப்பூர் 2025ஆம் ஆண்டில் அதற்குச் சட்டம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில், முதியோர் உரிமைகளுக்கென உலக நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை வரைவதற்குக் குழு அமைக்க ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் தீர்மானித்தது. காலம் இத்திசையில் நகர்கிறது. நம் நாட்டிலும், அரசியலமைப்பில் பால் வேறுபாடு சேர்க்கப்பட்டது போல, வயதும் ஒரு நாள் அப்பட்டியலில் சேரும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது. அதற்கான குரல் சங்கக் கூட்டங்களிலிருந்தும் எழ வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

அதுவரை நம் கையில் இருப்பவற்றை நாம் செய்துகொள்வோம்.

1. அடையாள அட்டையில் பிறந்த தேதி சரியாக உள்ளதா என்று பாருங்கள். தோட்டங்களில் அந்நாளில் உத்தேசமாக எழுதப்பட்ட ஆண்டுகள் பல. ஓய்வும் சலுகையும் அந்த ஒரு வரியைப் பொறுத்தே நிற்கின்றன.

2. சேமநிதிக் கணக்கறிக்கையை ஆண்டுதோறும் சரிபாருங்கள். முதலாளி ஒழுங்காகக் கட்டினாரா என்பதை வேலையிலிருக்கும்போதே கண்டறிய வேண்டும். வாரிசு நியமனத்தையும் எழுதி வையுங்கள்.

3. உழைக்க முடியாத நோய் வந்துவிட்டால், அறுபது ஆகட்டும் என்று காத்திராமல் உடனே சொக்சோ அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அறுபதுக்குப் பிறகு, நோய் முன்பே இருந்ததென்று மெய்ப்பிப்பது கடினம்.

4. ஓய்வுக் கடிதம் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வயது அறுபது ஆகவில்லையென்றால், 60 நாட்களுக்குள் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள்.

5. வீட்டைப் பற்றி நாற்பதிலேயே குடும்பத்தோடு கலந்து பேசுங்கள்.

6. ஆதரவற்ற முதியவர் உங்கள் லயத்தில் இருந்தால், அவரை மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாரம் நிரப்பிக் கொடுக்க ஒரு கால் மணி நேரம் போதும். அதற்குத்தான் இளைஞர்களைப் படிக்க வைத்திருக்கிறோம்.

காட்டை அழித்துக் கன்று நட்டவர்கள், அதிகாலை இருட்டில் பால் வாளி சுமந்தவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு நிரைக்கு ஓடியவர்கள் நம் முதியோர். அவர்கள் கேட்பது தருமமன்று. உழைப்பின் மிச்சத்தை, முறையாகக் கேட்கிறார்கள். அறுபது வயது என்பது ஒருவரின் வேலைக்கு ஓய்வு தரும் நாளாக இருக்கட்டும். அவருடைய உரிமைகளுக்கு ஓய்வு தரும் நாளாக இருக்க வேண்டாம்.